அமெரிக்கப் பள்ளியில் ‘வீட்டில் என்ன மொழி?’ என்று கேட்டால்

அமெரிக்காவில் பிள்ளையைப் பொதுப் பள்ளியில் சேர்க்கப் போனால், தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம் என்று கேட்கும் காகிதங்களுக்கு நடுவே ஒரு சின்னப் படிவமும் வரும். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது என்று இரண்டு மூன்று கேள்விகள்தான். நம்மவர்கள் சிலர் அங்கே ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘தமிழ்’ என்று எழுதினால் இ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லித்தரும்) வகுப்பில் தள்ளிவிடுவார்களோ என்ற பயம். ஊரில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு இது எதற்கு என்ற ரோஷமும் உண்டு.

உள்ளதை எழுதுங்கள். தமிழ் என்று எழுதியதாலேயே யாரையும் எங்கும் தள்ளிவிட மாட்டார்கள். பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு தேர்வு வைப்பார்கள். தேறினால் வழக்கமான வகுப்பு மட்டும். தேறாவிட்டால் ‘ஆங்கிலம் கற்கும் மாணவர்’ என்று பதிந்து கூடுதல் உதவி தருவார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. பெற்றோரின் வேலை விசாவோடு சார்பு விசாவில் வந்த பிள்ளை பொதுப் பள்ளியில் படிக்கத் தடையில்லை. முறையான அனுமதி இல்லாமல் தங்கியிருக்கும் பிள்ளைகளைக்கூடப் பள்ளி மறுக்கக் கூடாது என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த உதவியே ஒரு வழக்கில் வந்ததுதான். சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளிப் பிள்ளைகள் சுமார் 1,800 பேரை எந்தத் தனி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடாது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கு என்பார்கள்.

சரி, அந்த உதவியில் என்ன நடக்கும்? நம் பிள்ளைகளுக்குச் சிக்கல் பெரும்பாலும் பேச்சில் இல்லை, வாசிப்பில்தான். நீர்ச் சுழற்சி பற்றிய பத்தியை ஒரு பிழையில்லாமல் கடகடவென்று வாசிப்பார்கள். ‘மேகம் ஏன் உருவாகிறது? பத்தியில் எந்த வரி அதைச் சொல்கிறது?’ என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். நல்ல இ.எஸ்.எல். ஆசிரியர் நாலைந்து பேரைத் தனியே உட்கார வைத்து, வாசிக்கும் முன்பே படத்தைக் காட்டிப் பேசவிடுவார். கடினமான சொற்களை முதலிலேயே அவிழ்த்துவிடுவார். ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது, ஏனென்றால்…’ என்று பாதி வாக்கியத்தைக் கையில் கொடுத்து மீதியை முடிக்கச் சொல்வார். முப்பது பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை அங்கே பேசும். விளையாட்டு மைதான ஆங்கிலம் ஓரிரு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக ஆங்கிலம் பிடிபட ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகும் என்பது ஜிம் கம்மின்ஸ் போன்ற ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. அதனால் ‘அதான் நல்லா பேசுறானே’ என்று பெற்றோரே உதவியை நிறுத்தச் சொல்வது அவசரம். அப்புறம், வீட்டில் தமிழை விடவும் வேண்டாம். தமிழில் கதை கேட்டு ‘ஏன்’ என்று யோசிக்கப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் கைகொடுக்கும்.

பிள்ளையை இந்தத் திட்டத்தில் சேர்த்தால், பள்ளி ஆண்டு தொடங்கி 30 நாளுக்குள் பெற்றோருக்குக் கடிதம் வர வேண்டும். ஆண்டின் நடுவில் சேர்த்திருந்தால் இரண்டு வாரத்துக்குள். பிள்ளையின் நிலை என்ன, எந்த முறையில் கற்பிக்கிறார்கள், எப்போது வெளியே வரலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கூடுமானவரை பெற்றோருக்குப் புரியும் மொழியிலேயே தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தாலும் ஆண்டு ஆங்கிலத் தேர்வு மட்டும் போகாது: கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கையும் சோதிக்கும் அந்தத் தேர்வை, மாநிலம் கேட்கும் தேர்ச்சியைக் காட்டும் வரை வருடாவருடம் எழுதியே ஆக வேண்டும். தேர்வின் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் எல்பாக் (ELPAC), டெக்சஸில் டெல்பாஸ் (TELPAS), வேறு பல மாநிலங்களில் ‘விடா’ (WIDA) என்ற அமைப்பின் ஆக்செஸ் (ACCESS). மதிப்பெண் தாள் வந்ததும் மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாமல் வாசிப்புக்கு எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். பேச்சு மேலேயும் வாசிப்பு கீழேயும் இருந்தால், ஆசிரியரைச் சந்திக்கும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோய், வாசிப்புக்கு வாரத்தில் எத்தனை நேரம் ஒதுக்குகிறார்கள் என்று நேராகவே கேளுங்கள்.