உரிமப் பதிப்பு உயர்வு: சொல் விளக்கம்

விக்கிப்பீடியாவின் உரைப்பகுதி 2023 ஜூன் 7 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் ‘குறிப்பிடுதல் – அதேபோன்று பகிர்தல்’ உரிமத்தின் 4.0 பதிப்பின்கீழ் கிடைக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது படைப்புகளைப் பகிர்வதற்கான பொது உரிமங்களை எழுதித் தரும் அமைப்பு. எழுதியவரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம், மாற்றி எழுதினால் அதையும் அதேபோன்று பகிர வேண்டும் என்பது இந்த உரிமம். அதுவரை 3.0 பதிப்பு இருந்தது. பலர் சேர்ந்து எழுதும் ஒரு திட்டம் தன் உள்ளடக்கத்தை இப்படிப் புதிய பதிப்புக்குக் கொண்டுபோவதை ‘லைசென்ஸ் அப்கிரேடு’ என்கிறார்கள். இதற்குத் தமிழில் என்ன சொல்வது? உரிமம் புதுப்பித்தல் என்றால் காலாவதியான ஓட்டுநர் உரிமம்தான் நினைவுக்கு வரும். உரிம மேம்பாடு, உரிம மாற்றம் என்றும் சொல்லலாம், ஆனால் இரண்டிலும் சிக்கல் இருக்கிறது.

முதலில் லைசென்ஸ். ‘லிசேரே’ என்ற இலத்தீன் வினைக்கு அனுமதிக்கப்பட்டிருத்தல் என்று பொருள். அதிலிருந்து ‘லிசென்ஷியா’ பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஓய்வுநேரத்தைக் குறிக்கும் ‘லெஷர்’ என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். ஆக, அடிப்படைப் பொருள் இசைவு. சொத்தோ உடைமையோ அல்ல. அப்கிரேடில் உள்ள ‘கிரேடு’, படியைக் குறிக்கும் ‘கிராதுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

நம் பக்கம் ‘உரி’ என்ற அடி பழையது. “வினைக்குரிமை நாடிய பின்றை அவனை அதற்குரிய னாகச் செயல்” என்ற குறளில் (518) உரிமை என்பது ஒரு வேலைக்கு ஒருவனுக்குள்ள தகுதி. பிற்பாடு சொத்துரிமை, வாக்குரிமை என்று அது விரிந்தது. ‘உரிமம்’ இக்காலச் சொல்லாக்கம். தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமம் என்பதை இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம் என்கிறார்கள். இலத்தீன் மூலத்துக்கு இலங்கை வழக்கே நெருக்கம் என்று சொல்வேன். ஆனால் கணினித் தமிழில் உரிமம் ஊன்றிவிட்டது, சொல்லும் சிறியது, இருக்கட்டும். உரிமையையும் உரிமத்தையும் குழப்பாமல் இருந்தால் போதும்.

எழுதியவருக்கு இருப்பது பதிப்புரிமை. அதைக் கையில் வைத்துக்கொண்டே மற்றவர்களுக்கு அவர் தரும் இசைவு உரிமம். வீட்டை வாடகைக்கு விட்டவர் வீட்டுக்காரராகவே இருப்பது போலத்தான். (பத்திரிகைகள் காப்புரிமை என்ற ஒரே சொல்லைப் பதிப்புரிமைக்கும் கண்டுபிடிப்புகளுக்கான பேட்டண்ட்டுக்கும் போடுவது தனிக் குழப்பம்.) விக்கிப்பீடியாக் கட்டுரை ஒவ்வொன்றிலும் பலருடைய பதிப்புரிமை கலந்திருக்கிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அதன் சொந்தக்காரர் அல்ல. அப்படியானால் எல்லாரையும் தேடிப்பிடித்துக் கேட்காமல் உரிமத்தை எப்படி மாற்ற முடியும்?

விடை உரிமத்தின் வாசகத்திலேயே இருக்க வேண்டும். 2001இல் விக்கிப்பீடியா தொடங்கியபோது குனூ கட்டற்ற ஆவண உரிமத்தை எடுத்துக்கொண்டது. அது மென்பொருள் கையேடுகளுக்காக எழுதப்பட்டது. ஒரு பக்கக் கட்டுரையை அச்சிட்டுக் கொடுத்தாலும் பல பக்க உரிம வாசகத்தையும் சேர்த்துத் தர வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸின் முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில்தான் வந்தன. நோக்கம் ஒன்றாக இருந்தும் இரண்டுக்கும் இடையே உரையை எடுத்தாள முடியவில்லை. நல்லவேளையாக, விக்கிப்பீடியா தன் உரையை ‘1.2 அல்லது அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும்’ என்றே வெளியிட்டு வந்தது. 2008 நவம்பரில், குனூ உரிமத்தை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதன் 1.3 பதிப்பை வெளியிட்டு, விக்கி போன்ற தளங்கள் 2009 ஆகஸ்ட் 1க்குள் கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறிக்கொள்ள வழிவிட்டது. மாறலாமா என்று பங்களிப்பாளர்களிடையே நடந்த வாக்கெடுப்பில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். முக்கால் பங்கினர் ஆதரித்தார்கள். 2009 ஜூனில் மாற்றம் நடந்தது. ‘பிந்தைய எந்தப் பதிப்பும்’ என்ற சில சொற்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் திட்டத்துக்கு அந்த வசதி இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் 2.0 பதிப்பிலிருந்து, தரவுத்தளத்துக்கென்றே எழுதப்பட்ட வேறொரு உரிமத்துக்கு அது 2012 செப்டம்பரில் மாறியது. பங்களித்தவர்களிடம் ஒப்புதல் கேட்டார்கள். ஒப்பாதவர்கள், பதில் தராதவர்கள் வரைந்த சாலைகளையும் ஊர்ப்பெயர்களையும் வரைபடத்திலிருந்து நீக்கினார்கள். உழைத்தவர்களுக்கு அது வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் கேட்டுவிட்டுச் செய்ததே நியாயம் என்று நினைக்கிறேன். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2019இல் பழைய பதிவுகளும் இனி கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 என்று தானாக அறிவித்தபோது, எழுதியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அப்புறம் ஒவ்வொரு பதிவும் எழுதப்பட்ட தேதிப்படி 2.5, 3.0, 4.0 என்று பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

இந்த வேறுபாட்டைச் சொல் காட்ட வேண்டும். ஓர் உரிமக் குடும்பத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவது உரிம மாற்றம்: 2009இல் விக்கிப்பீடியா செய்தது, 2012இல் ஓபன்ஸ்ட்ரீட்மேப் செய்தது. அதே உரிமத்தின் அடுத்த பதிப்புக்குப் போவது உரிமப் பதிப்பு உயர்வு. 3.0இன் கீழ் உள்ள படைப்பைத் தழுவி எழுதுவதைப் பிந்தைய பதிப்பில் வெளியிடலாம் என்று அந்த உரிமமே சொல்கிறது. 2023இல் நடந்தது இந்த வகை. மேம்பாடு என்ற சொல்லை நான் தவிர்ப்பேன், ஏனென்றால் புதியதே மேல் என்ற தீர்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. பதிப்பேற்றம் என்று சுருக்கலாம்தான், ஆனால் படிப்பவர் பதிவேற்றம் என்று எடுத்துக்கொள்வார்.

4.0இல் என்ன கூடுதல்? நாட்டுக்கு நாடு தனி வடிவம் இல்லாமல் உலகுக்கே ஒரே வாசகம். தரவுத்தளத்தைத் திரட்டியவருக்குச் சில நாடுகளில் உள்ள தனி உரிமையும் அதில் அடங்கும். விதியை மீறியவர், அது தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் இழந்த இசைவு தானாகத் திரும்பும். ஆசிரியர் பெயரை விட்டுவிட்ட சிறு பதிப்பாளருக்கு இது பெரிய உதவி.

பதிப்பு உயர்ந்ததால் பழைய இசைவு ரத்தாவதில்லை. 2015இல் 3.0இன்கீழ் எடுத்து அச்சிட்ட நூலில் 3.0 என்ற குறிப்பு அப்படியே இருக்கலாம். இன்று எடுப்பவர் கட்டுரைத் தலைப்பு, இணைப்பு, உரிமத்தின் பெயர் ஆகியவற்றோடு 4.0 என்ற எண்ணையும் போட வேண்டும். வெறுமனே ‘நன்றி: விக்கிப்பீடியா’ என்று போட்டால் போதாது.