ஐடிலில் அழகாக நின்றால் போதுமா?

போன மாதம் கோலாலம்பூர் செகாம்புட்டில் உள்ள என் பட்டறைக்கு இழுவை லாரியில் ஒரு டொயோட்டா 86 வந்து இறங்கியது. சிவப்பு நிறம், முந்தின நாள்தான் கழுவித் துடைத்தது போல் பளபளப்பு. கூட வந்த தம்பி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜர் கிட் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, கெப்போங்கில் உள்ள தெரஸ் வீட்டுப் போர்ச்சில் வைத்து, இரண்டு வார இறுதியில் தானே மாட்டியிருக்கிறார்.

"அங்கிள், ஸ்டார்ட் பண்ணினப்போ ஐடில் அவ்வளவு அழகா நின்னுச்சு. காராக் மேட்டுல மூணாவது கியர்ல நல்லா மிதிச்சேன். அதோட சரி."

ஐடில் என்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடுவது. 86-இல் இருப்பது பாக்ஸர் எஞ்சின், சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும். ஸ்பார்க் பிளக்குகள் இரண்டு பக்கவாட்டிலும் ஒளிந்திருக்கும், கழற்றி முடிப்பதற்குள் முழங்கை தோல் உரிந்துவிடும். முதல் மூன்று பிளக்கும் பரவாயில்லை. நாலாவதன் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினது போல் பொடிப்பொடியாகப் புள்ளிகள். லைட் அடித்துத் திருப்பினேன், மினுமினுத்தன. கரி மினுக்காது. அது பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். எஞ்சினைப் பிரித்தபோது அந்த பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு ஒரு விரல்நுனி அளவுக்கு உடைந்து போயிருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் மாட்டிய விதத்தில் எனக்குக் குறையே தெரியவில்லை. பெல்ட் புல்லிகள் நூல் பிடித்தது போல் ஒரே நேரில் இருந்தன. டார்க் ஸ்பேனர் போட்டு முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. என் பையன்கள் அவ்வளவு சுத்தமாகச் செய்வார்களா என்பது சந்தேகம்தான். எஞ்சின் போனதற்கு ஸ்பேனர் வேலை காரணமில்லை, ஐடிலைப் பார்த்து அவருக்கு வந்த நம்பிக்கைதான் காரணம்.

சூப்பர்சார்ஜர் எஞ்சினோடு பெல்ட்டில் கட்டிய காற்று பம்ப். அவர் வாங்கிய ரகத்தில் ஐடிலின்போது பைபாஸ் வால்வு திறந்தே இருக்கும். அமுக்கிய காற்று சுற்றிக்கொண்டு மறுபடி வந்த வழிக்கே போய்விடும், பூஸ்ட் என்கிற கூடுதல் அழுத்தம் இருக்காது. ஆகவே ஐடிலில் நிற்கிற எஞ்சின் பழைய எஞ்சின்தான், கிட்டைப் பற்றி அது எதையும் சொல்லாது. மிதிக்கும்போதுதான் வால்வு மூடும். கடல்மட்டக் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதன்மேல் 7 ஏற்றினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகும், பெட்ரோலும் அதே அளவுக்குக் கூட வேண்டும். இன்ஜெக்டரும் பம்பும் அதைத் தருமா? தீப்பொறி நேரத்தைப் பின்னால் தள்ள வேண்டும் என்று எஞ்சினை நடத்தும் கணினியான இசியூவுக்குச் சொன்னது யார்? கிட்டோடு வந்த மேப், அதாவது இசியூவுக்கான பெட்ரோல், தீப்பொறிக் கணக்கு, இருந்தது என்றார். அது குளிர்நாட்டில், ரோன் 98 பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்த்த மேப். இவர் டாங்கியில் இருந்தது ரோன் 95. ரோன் எண் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் தானாகப் பற்றிக்கொள்ளும்.

86-இன் கம்ப்ரெஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை அமுக்கும் அளவு, 12.5-க்கு 1. பூஸ்ட் இல்லாத எஞ்சினுக்கென்று கணக்குப் போட்டு வைத்த எண் அது. இதற்குமேல் நம் ஊர் வெயில் வேறு. 35 பாகையில் இழுக்கும் காற்றை 7 பிஎஸ்ஐ-க்கு அமுக்கினால், அதைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் இல்லாத பட்சத்தில், 90 பாகையை ஒட்டிப் போய்விடும். ஜாலான் டூத்தா ஜாமில் அரைமணி நேரம் நின்ற காடி என்றால் இழுக்கும் காற்றே 35-இல் இருக்காது. இந்தச் சூட்டில், தீப்பொறி மூட்டிய தீ வந்து சேரும்வரை காத்திருக்காமல் மிச்சக் கலவை ஆங்காங்கே தானாகப் பற்றிக்கொள்ளும். அதுதான் நாக். கச்சாங் பூத்தே டின்னில் நாலு கடலையைப் போட்டுக் குலுக்கின மாதிரிச் சத்தம் வரும். கண்ணாடி ஏற்றிப் பாட்டுப் போட்டிருந்தால் அதுவும் கேட்காது. நாக் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். அது தீப்பொறியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். பெட்ரோல் போதாத இடத்தில் அது மட்டும் என்ன செய்யும்?

ஆகவே மாட்டி முடித்ததும் காராக் பக்கம் போகாதீர்கள். இழுவை லாரி வைத்து, காடியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் டைனோ உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். புகைக்குழாயில் வைட்பேண்ட் சென்சார் மாட்டி, பூஸ்ட் ஏறும்போது கலவை, அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று எடைக்கணக்கில் எத்தனை பங்கு என்பது, 11.5-இலிருந்து 12-க்குள் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண ஓட்டத்தில் அது 14.7-க்கு 1 (காற்றழுத்தத்தின் அதே எண்தான், கணக்கு வேறு). மேப்பை நம் ஊர் 97-இல், நம் ஊர்ச் சூட்டில் எழுத வேண்டும். பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி கொஞ்சம் குறைவாக. கிட் வாங்கக் காசு சேர்க்கும்போதே இந்தச் செலவையும் சேர்த்து வையுங்கள். அதற்குக் கையில் காசு இல்லையா, கிட் பெட்டியிலேயே இருக்கட்டும்.

எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பழைய இன்டேக் மேனிஃபோல்டை எடுத்துவர ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். போர்ச்சில், இறக்கிய பெட்ரோல் ஒரு மைலோ டின்னில், மூடியில்லாமல் இருந்தது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் அம்மா சாம்பிராணித் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார். "அக்கா, அங்கேயே நில்லுங்க" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து லோங்காங் (சாக்கடை) வரைக்கும் போகும். விளக்கோ தணலோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

இந்த எஞ்சினில் பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் பக்கம் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். அழுத்தத்தை இறக்காமல் அந்தக் குழாயைத் தளர்த்தினால் பெட்ரோல் ஊசி போல் தோலுக்குள் இறங்கிவிடும். வெளியே எறும்பு கடித்த அளவுதான் தெரியும். அப்படி நடந்தால் கை கழுவிவிட்டு வேலையைத் தொடராதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்தது ஜெக். மழைத்தண்ணீர் ஓடட்டும் என்று போர்ச் தரை லோங்காங் பக்கம் சரிந்திருக்கும், மேலே வழவழ டைல்ஸ் வேறு. ஏறக்குறைய 1,200 கிலோ காடி அதன்மேல் ஜெக் ஸ்டேண்டில் நிற்கிறது. கீழே போவதற்கு முன் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், இடுப்பால் ஒருமுறை இடித்து ஆட்டிப் பாருங்கள். பாக்ஸரில் மேனிஃபோல்டைத் தூக்கினதும் நாலு துளையும் வானம் பார்த்து நிற்கும். ஒரு வாஷர் கை நழுவினால் நேராக வால்வுக்குப் போகும். உடனே டேப் ஒட்டிவிடுங்கள். துணி அடைத்தால் எண்ணி அடையுங்கள், எண்ணி எடுங்கள்.

எஞ்சினில் இப்படிக் கைவைக்க ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேண்டும், இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டு, விபத்துக்குப் பிறகு க்ளைம் கிடைக்காமல் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தம்பியின் 86 இப்போது என் லிஃப்டில் வெறும் கூடாக நிற்கிறது. புது பிஸ்டனுக்கு ஆர்டர் போட்டாயிற்று. நேற்று அவர் அம்மா போன் செய்தார். காடி எப்போது வரும் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த டின்னை அவன் எடுத்துட்டான், தம்பி. இந்த வெள்ளிக்கிழமை வாசல்ல சாம்பிராணி போடலாமா?"