திங்கட்கிழமை காலை செத்துக் கிடக்கும் கனெக்‌ஷன்

இந்த மாதத்தில் இது மூன்றாவது போன். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் சார் ஓடுச்சு. இன்னைக்கு முதல் ஆள் லாகின் பண்ணதுமே எரர். ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது." எரர் பதிவாகும் லாக்கைப் பார்க்காமலே காரணத்தைச் சொல்லிவிடலாம். புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வர் 28,800 நொடியில், அதாவது 8 மணி நேரத்தில், வெட்டிவிடும். மாற்றாத வரை கணக்கு அதுதான். சனி, ஞாயிறு யாரும் தொடவில்லை, அவ்வளவுதான்.

"நாங்கதான் இஸ்குளோஸ்டு போட்டு செக் பண்றோமே!" என்பார்கள். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜாவாவில் இஸ்குளோஸ்டு (isClosed) என்ற கட்டளை சர்வரைப் போய்க் கேட்பதில்லை. உங்கள் புரோகிராம் குளோஸ் செய்ததா என்று மட்டும்தான் சொல்லும். ரிசீவர் என் கையில் இருக்கிறது, அதனால் எதிர்முனையில் ஆளும் இருக்கிறார் என்பது போன்ற கணக்கு அது. கனெக்‌ஷன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இதைப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது என்று ஜாவா ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

கேட்க வேண்டியது இஸ்வேலிட் (isValid), அதுதான் கனெக்‌ஷன் உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும். 2006இல் ஜாவா 6உடன் வந்தது, புதுச் சரக்கு ஒன்றுமில்லை. பதிலுக்குக் காத்திருக்க அதற்கு இரண்டு, மூன்று நொடி கொடுங்கள். 0 கொடுத்தால் கால வரம்பே இல்லை என்று அர்த்தம். அப்படிக் கொடுத்துவிட்டு "ஹேங் ஆகுது சார்" என்றவர்களும் உண்டு.

ஹேங் ஆவதற்கு இன்னொரு காரணம், நடுவில் நெட்வொர்க்கைக் காவல் காக்கும் ஃபயர்வால். மைஎஸ்க்யூஎல்லாவது வெட்டியதும் முறையாக மூடிவிடும். பல ஃபயர்வால்கள் இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை சொல்லாமல் மறந்துவிடும். அதுபோலவே நடுவில் இருந்து வேலையைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், மைக்ரோசாஃப்ட் கிளவுடான அசூரின் லோட் பேலன்சருக்கு வழக்கமாக 4 நிமிடம்தான் பொறுமை. எதிர்முனை இருக்கிறதா என்று சோதிக்கும் லினக்ஸின் கீப்அலைவ் முதல் தடவை தட்டிப் பார்ப்பதோ 2 மணி நேரம் கழித்து, அதுவும் அதை இயக்கியிருந்தால். அதற்குள் நீங்கள் டேட்டாபேஸுக்குக் குவெரி (கட்டளை) அனுப்பினால், பதில் வராமல் கால் மணி நேரம்கூடத் தொங்கலாம்.

கனெக்‌ஷன்களைத் திறந்து வைத்து மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் பூல். தயவுசெய்து அதைச் சொந்தமாக எழுதாதீர்கள். ஜாவாவுக்கு ஹிகாரிசிபி என்ற ரெடிமேட் பூல் இருக்கிறது. அதில் மேக்ஸ்லைஃப்டைம் (ஒரு கனெக்‌ஷனின் அதிகபட்ச ஆயுள்) டேட்டாபேஸின் வரம்பைவிடக் குறைவாகவும், கீப்அலைவ்டைம் (தட்டிப் பார்க்கும் இடைவெளி) ஃபயர்வாலின் வரம்பைவிடக் குறைவாகவும் இருக்கட்டும். பழைய பதிப்புகளில் இரண்டாவது அணைந்தே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பைத்தான்காரர்களுக்கு எஸ்க்யூஎல்அல்கெமி லைப்ரரியில், கனெக்‌ஷனைக் கொடுக்கும் முன் சோதிக்கும் பூல் ப்ரீ பிங் ஒரே வரி வேலை. மைஎஸ்க்யூஎல்லின் அந்த 8 மணி நேர வரம்பான வெயிட் டைம்அவுட்டை ஒரு வருடத்துக்கு ஏற்றிவைக்கும் புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம். செத்த கனெக்‌ஷன்கள் சர்வரில் குவியும், ஒரே நேரத்தில் 151 கனெக்‌ஷன் என்ற வழக்கமான வரம்பு நிரம்பும், அப்புறம் யாருமே உள்ளே வர முடியாது.

செக் செய்த மறுநொடியே கனெக்‌ஷன் போகலாம். அதனால் ரீட்ரை, அதாவது மறுபடி முயல்வது, வேண்டும். ஆனால் பணம் கழிக்கும் குவெரியைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது முறை ஓட்டிவிடாதீர்கள். முதல் முறையே கமிட் ஆகி, அதாவது டேட்டாபேஸில் பதிவாகிவிட்டு, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம்.

ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் லாக்கை எடுத்து வையுங்கள். அடுத்த திங்கள் கூப்பிடும்போது அதையும் சேர்த்து அனுப்புங்கள்.