ரெசிஸ்டன்ஸ் வந்தால் நல்லதா?

நர்சிங் மாணவிகளுக்கு மருந்தியல் எடுப்பவன் நான். மதுரையில் ஒரு காசநோய் வார்டில், உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவரிடம் எங்கள் மாணவி, "அப்பத்தா, மாத்திரையைப் பாதியில நிப்பாட்டிறாதீங்க. எதிர்ப்புச் சக்தி வந்துரும்" என்றாள். "வந்தா நல்லதுதான தாயி, அது இல்லாமத்தான இங்க வந்து கெடக்கேன்" என்றார் பாட்டி.

மாணவியைக் குறை சொல்ல மாட்டேன். சுவரில் ஒட்டியிருந்த விழிப்புணர்வுத் தாளிலும் அதே சொல்தான்.

அவள் சொல்ல வந்தது ஆங்கிலத்தில் ரெசிஸ்டன்ஸ். அதன் மூலம் லத்தீன். அசையாமல் நிற்பது என்று பொருள். மருந்தியலில், வழக்கமாகக் கொல்லும் அளவு மருந்து கொடுத்தும் கிருமி சாகாமல் பெருகுவதைக் குறிக்கும். இது புதிய செய்தியுமல்ல. குறைந்த அளவு பென்சிலின் கிருமியைப் பழக்கிவிடும் என்று, அந்த மருந்தைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே எச்சரித்தார்.

சரி, 'எதிர்ப்புச் சக்தி' என்றால் என்ன கெட்டுவிட்டது? தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு முதலாளி உண்டு. சத்துமாவு விளம்பரம் முதல் கபசுரக் குடிநீர் வரை நாம் காசு கொடுத்து வாங்குவது அதைத்தான். அது உடம்பின் சொத்து. அதையே கிருமிக்கும் சூட்டினால் கேட்பவர் உடம்பைத்தான் நினைப்பார். 'என் உடம்புக்கு ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ் ஆயிருச்சு' என்று படித்தவர்களே சொல்கிறார்கள்.

தூய தமிழ் அன்பர்கள் 'சக்தி'யை எடுத்துவிட்டு 'ஆற்றல்' போட்டு, 'எதிர்ப்பாற்றல்' என்று எழுதிவிட்டு வேலை முடிந்ததாக எழுந்துவிடுகிறார்கள். வடமொழி போனது, குழப்பம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு கட்சி ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸை 'நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு' என்கிறது. யார் யாரை எதிர்க்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ண வேண்டும். 'பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்' என்பதைப் படித்தால், பல மருந்து சாப்பிடுவதற்கு எதிராக யாரோ கொடி பிடிப்பதுபோல் இருக்கிறது.

எதிர்ப்பு என்ற சொல்லே இங்கே பாதிதான் பொருந்தும். பென்சிலின் மூலக்கூறின் வளையத்தை நொதி விட்டு உடைக்கும் கிருமி எதிர்க்கிறது, ஒப்புக்கொள்கிறேன். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினின் கதை வேறு. மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதம் மரபணு மாற்றத்தால் சற்றே உருமாறியிருக்கும், ஒட்ட இடமில்லை. கிருமி தனியாக எதையும் எதிர்க்கவில்லை, தன் பாட்டுக்கு இருக்கிறது.

வகுப்பில் நான் சொல்வது 'மருந்துக்கு மசியாமை'. எங்கள் ஊரில் பிடிவாதக்காரனை 'எதுக்கும் மசிய மாட்டான்' என்போம். உடைக்கிற கிருமி, ஒட்டவிடாத கிருமி, டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை உள்ளே வரவர வெளியே இறைத்துத் தள்ளும் கிருமி எல்லாமே மசியாதவைதான். கொச்சை என்று முகம் சுளிக்கும் மொழிபெயர்ப்பாளர்கள், அகராதியை மூடிவிட்டு ஒருநாள் வார்டுக்கு வரட்டும். ஒன்று மட்டும்: 'க்கு' விழக்கூடாது. 'மருந்து மசியாமை' என்று சுருக்கினால் மருந்து சரியாக அரைபடவில்லை என்றாகிவிடும். 'மாத்திரையை நிப்பாட்டினா, மிச்சமிருக்கிற கிருமி மருந்துக்கு மசியாது' என்றால் பாட்டிக்குப் புரியும். காசநோயின் முக்கிய மருந்துகளான ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே மசியாவிட்டால் அது எம்.டி.ஆர். (மல்டி டிரக் ரெசிஸ்டன்ட்) காசநோய், வழக்கமான ஆறு மாத வைத்தியம் அதற்கு எடுபடாது.

உடம்புக்கு மருந்து பழகிப்போவது வேறு விஷயம், அது டாலரன்ஸ். ஒரு குறிப்பேட்டில் இதை 'சகிப்புத்தன்மை' என்று பார்த்தேன். மதநல்லிணக்கப் பாடமா என்று தோன்றியது. நெஞ்சுவலிக்கான நைட்ரேட் ஒட்டுப்பட்டையை இரவில் கழற்றச் சொல்வது இந்தப் பழகிப்போதலைத் தவிர்க்கத்தான். 'மருந்துப் பழக்கம்' என்று போடாதீர்கள், அது அடிமையாவதில் போய் நிற்கும்.

அப்புறம் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ். அங்கே மசியாதது உடம்பின் செல்களேதான். 'இன்சுலின் எதிர்ப்புச் சக்தி' என்று சர்க்கரை நோயாளியிடம் சொல்லிப் பாருங்கள், சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். 'உங்க உடம்பு இன்சுலினுக்கு மசியலை' என்றால் அடுத்த கேள்வி உடனே வரும்: 'மசிய வைக்க என்ன செய்யணும்?'