இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லும் தொகைக்குச் சம்மதிக்கலாமா?

என் சித்தப்பா கொத்தனார். இரண்டு வருடங்களுக்கு முன் கார் மோதி வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, பிளேட் வைத்தார்கள். தையல் பிரித்த மறுவாரமே ஒருவர் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். "கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும். இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள்" என்றார். சித்தப்பா பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். சித்திதான் குறுக்கே கேட்டார்: "ஒரு வருஷம் கழிச்சு பிளேட்டை எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரே, அந்தச் செலவை யார் கொடுப்பா?" வந்தவரிடம் பதில் இல்லை.

சித்தி கேட்டதுதான் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி. விபத்து இழப்பீடு ஒரே ஒரு முறைதான். தீர்ப்பு வந்தபின் செலவு கூடிவிட்டது என்று திரும்பப் போய்க் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தில் வழியில்லை. அதனால் வரப்போகும் சிகிச்சைச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நாகப்பா வழக்கில் 2002-லேயே சொல்லிவிட்டது. சமரசமாக முடித்துக்கொண்டாலும் இதே கதைதான். ஆகவே காயம் எதில் போய் நிற்கும் என்று தெரிவதற்கு முன் எந்தத் தொகைக்கும் சம்மதிக்காதீர்கள். எலும்பு கூடியதா, மூட்டு எவ்வளவு மடங்குகிறது, இன்னொரு ஆபரேஷன் உண்டா, இவற்றை டாக்டர் எழுத்தில் தரட்டும்.

சட்டப்படி நடக்க வேண்டிய முறையும் வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு வந்த 149-ஆம் பிரிவு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விபத்துத் தகவல் கிடைத்ததும் இன்சூரன்ஸ் கம்பெனி இதற்கென ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் தரும் தொகையை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் முன் வைக்க வேண்டும். நீங்கள் ஒப்புக்கொண்டால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும். பதிவு கம்பெனிக்குக் கிடைத்த 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். மறுத்தால் எதையும் இழக்கமாட்டீர்கள், வழக்கு விசாரணைக்குப் போகும், அவ்வளவுதான். வீட்டுத் திண்ணையில், ஆஸ்பத்திரி வார்டில், ஸ்டேஷன் வாசலில் நீட்டப்படும் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது.

சரி, சொல்லும் தொகை நியாயமா என்று எப்படிப் பார்ப்பது? இங்கேதான் லட்சக்கணக்கில் வித்தியாசம் வருகிறது, கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

நிரந்தர ஊனத்துக்குத் தமிழ்நாட்டில் இரண்டு விதமாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒன்று, ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்குவது. ஒரு சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் 30 சதவீத ஊனத்துக்கு ஒன்றரை லட்சம். இன்னொன்று, அந்த ஊனத்தால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று பார்த்து, வருமானத்தை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவது. சித்தப்பாவுக்கு அப்போது வயது 43. மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,80,000. சொந்தமாக வேலை செய்பவர், 40-க்கும் 50-க்கும் இடைப்பட்ட வயது என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 25 சதவீதம் சேர்க்க வேண்டும். இது 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் வந்த அளவு. ஆக 2,25,000. 41 முதல் 45 வயதுக்குப் பெருக்கும் எண் 14. இது 2009-இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணை. 2,25,000 × 14 = 31,50,000. இதில் 30 சதவீதம் 9,45,000.

அதே கால், அதே 30 சதவீதம். ஒரு கணக்கில் ஒன்றரை லட்சம், இன்னொன்றில் ஒன்பதரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே ஒரு தொகையைச் சொன்னதும் நீங்கள் கேட்க வேண்டியது, "எந்த முறையில் போட்டீர்கள்? எழுதிக் கொடுங்கள்" என்பதுதான்.

இரண்டாவது கணக்கு எல்லாருக்கும் கிடைக்காது. ஊனத்தால் பிழைப்பு பாதித்தது என்று காட்ட வேண்டும். டாக்டர் சான்றில் போடும் சதவீதம் பெரும்பாலும் அந்தக் கை அல்லது காலுக்கு உரியது. முழு உடம்புக்குப் பார்த்தால் அது குறையும். தொழிலுக்குப் பார்த்தால் கூடவும் செய்யலாம். 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகச் சொன்னது: இடது கையை இழந்த டிரைவரோ தச்சரோ தொழிலையே இழக்கிறார், எழுத்தர் வேலையில் இருப்பவர் அப்படி இழப்பதில்லை. 2014-இல் சையத் சாதிக் வழக்கில், வலது கால் போன காய்கறி வியாபாரிக்குச் சம்பாதிக்கும் திறனில் 85 சதவீத இழப்பு என்று கணக்கிட்டது. வருமானத்துக்குச் சீட்டு இல்லாவிட்டாலும் மாதம் 6,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டது. சம்பள ரசீது இல்லை என்பதால் கூலித் தொழிலாளிக்கு வருமானமே இல்லை என்று ஆகிவிடாது.

சித்தப்பாவால் இன்று நடக்க முடிகிறது. சமதரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் குந்த முடியாது. குந்தாமல் தரைக்கு டைல்ஸ் பதிக்க முடியுமா? சாரத்தில் ஏறினால் மூன்றாவது கட்டையிலேயே கால் நடுங்குகிறது. இதை வக்கீலிடம் சொல்லவே அவருக்குத் தோன்றவில்லை, "நடக்கிறேனே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் வேலையில் எது முடியவில்லை என்பதை இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கூட வேலை செய்தவரோ மேஸ்திரியோ வந்து சாட்சி சொல்லலாம்.

இந்தத் தொகைக்கு மேல் சேர வேண்டியவையும் இருக்கின்றன: மருத்துவச் செலவு, படுக்கையில் இருந்த மாதங்களின் வருமானம், உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கு, போக்குவரத்து, சத்தான உணவு, வலியும் வேதனையும், இனிமேல் ஆகப்போகும் சிகிச்சை. உடனிருந்தது மனைவிதானே என்று அதை விட்டுவிடாதீர்கள். சித்தி நான்கு மாதம் வேலைக்குப் போகவில்லை.

காத்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கு நீண்டால் நஷ்டம் என்று பயமுறுத்துவார்கள். ஆனால் மனு போட்ட நாளிலிருந்து வட்டி தர 171-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, இங்கே 7.5 சதவீதம் என்று போடும் தீர்ப்புகள் நிறைய. எட்டு லட்சம் மூன்று வருடம் கழித்து வந்தால் வட்டி மட்டும் 1,80,000. சமரசத் தொகையில் வட்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகத்தான் சொல்வார்கள்.

அதற்காக எந்தத் தொகையையும் மறுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. காயம் முழுதாக ஆறி, பழைய வேலைக்கே திரும்பியிருந்தால் சமரசம் நல்லது. உங்கள் பக்கமும் தவறு இருந்தால், எதிர்த்திசையில் வந்தது போல, தீர்ப்பாயம் அந்தப் பங்கைக் கழிக்கும். அப்போது கணக்கில் பாதி வந்தாலும் யோசிக்க வேண்டியதுதான். மேல்முறையீடு வந்தால் இன்னும் சில வருடம் போகும். வட்டிக்கு வாங்கிச் சிகிச்சை பார்த்தவர்களுக்கு இன்று கிடைக்கும் ஆறு லட்சம் நாளைய எட்டு லட்சத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். அது அவரவர் வீட்டு நிலைமை. எனக்குத் தோன்றுவது: உங்கள் கணக்கில் முக்கால் பங்குக்கு மேல் வந்தால் தாராளமாகப் பேசலாம். மூன்றில் ஒரு பங்குகூட வராவிட்டால் அவசரப்படத் தேவையில்லை.

லோக் அதாலத்தில், அதாவது வழக்கைச் சமரசமாகப் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடிப்பதாக இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும். அங்கே எழுதும் முடிவே கடைசி, மேல்முறையீடு கிடையாது. ஒப்புக்கொள்ள மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, மறுத்தால் வழக்கு பழைய இடத்துக்கே திரும்பும்.

கெடு விஷயத்தில் கவனம் வேண்டும். 166(3) பிரிவின்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன, அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். மனுவைப் போட்டுவிட்டு, காயம் ஆறும் வரை பேச்சுவார்த்தையைத் தள்ளிப் போடலாம். விபத்து எங்கே நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். எஃப்.ஐ.ஆர் நகல், ஆஸ்பத்திரியில் எழுதிய விபத்துப் பதிவு, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு வரை எல்லா பில்லும் ஒரே பையில் இருக்கட்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. தகவலுக்கு 15100 என்ற எண். அப்புறம், வரும் தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று வக்கீல் பேரம் பேசுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஃபீஸ் எவ்வளவு என்று முதல் நாளே ரூபாயில் பேசிக்கொள்ளுங்கள்.

சித்தப்பா வழக்கு இன்னும் முடியவில்லை. போன மாதம் பிளேட்டை எடுத்தார்கள். அந்த பில்லைச் சித்தி வக்கீலிடம் கொடுத்துவிட்டு வந்தார்.