வேட்பாளருக்காகச் செலவு செய்யப் போகிறீர்களா? முதலில் கடிதம் வாங்குங்கள்

குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் ஓர் இளைஞர் மன்றம். பத்துப் பையன்கள் சேர்ந்து காசு போட்டு, தங்களுக்குப் பிடித்த வேட்பாளருக்காக நோட்டீஸ் அடித்தார்கள். கீழே அச்சகத்தின் பெயர் இல்லை. பிரச்சினை வந்தபோது, "அந்த நோட்டீசுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்று வேட்பாளர் தரப்பு எழுதிக் கொடுத்துவிட்டது. மாட்டியது, 'இவண்' என்ற இடத்தில் பெயர் போட்டிருந்த பையன். வளைகுடா வேலைக்குக் காவல்துறைச் சான்று கேட்டபோதுதான் தன் பேரில் வழக்கு நிலுவையில் இருப்பது அவனுக்கே தெரிந்தது. நானும் கூடப் போனேன். காவல் நிலையத்தில் ஆட்சியர் அலுவலகத் தேர்தல் பிரிவைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே தொகுதித் தேர்தல் அலுவலரிடம் போகச் சொன்னார்கள். அவரோ, "தேர்தல் முடிஞ்சாச்சே, ஃபைல் இங்க இல்ல" என்றார். நாலு மாதம் அலைந்தோம். விசா போய்விட்டது.

இதை எழுதுவது அந்தப் பையனுக்காகத்தான். நாகர்கோவில், கன்னியாகுமரி, குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய ஆறு தொகுதிகளிலும் இப்படி மன்றங்கள் இருக்கின்றன.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு வேட்பாளர் சட்டமன்றத் தேர்தலுக்கு 40 லட்சம், நாடாளுமன்றத் தேர்தலுக்கு 95 லட்சம் வரை செலவழிக்கலாம். இந்த வரம்பு 2022 முதல் நடப்பில் இருக்கிறது. வேட்புமனு தாக்கல் செய்யும் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை கணக்கு. வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவர் வெற்றிக்காக வேறு யார் செலவழித்தாலும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 176-இன்படி குற்றம். 10,000 ரூபாய் வரை அபராதம். அனுமதி இல்லாமல் செலவழித்துவிட்டு பத்து நாளுக்குள் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது பத்து ரூபாய்க்குள் செய்த செலவுக்குத்தான். பழைய சட்டத்தில் இருந்த தொகையை அப்படியே வைத்திருக்கிறார்கள். அதை நம்பி இறங்காதீர்கள்.

ஆகவே கடிதம். மன்றத்தின் பெயர், என்ன செலவு, எவ்வளவு ரூபாய் வரை, எந்தத் தேதி என்று எழுதி வேட்பாளரே கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றியச் செயலாளர் போனில், "செய்யுங்க தம்பி, பாத்துக்கலாம்" என்றால் அது அனுமதி ஆகாது. வாட்ஸப்பில் வரும் கும்பிடும் ஆகாது. கடிதம் தரத் தயங்குகிறார் என்றால், உங்கள் செலவைத் தன் கணக்கில் ஏற்ற அவருக்கு விருப்பமில்லை என்று பொருள். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏன் தயங்குகிறார்கள்? வேட்பாளர் எழுதும் கணக்கு ஒன்று. வீடியோ எடுத்துப் பார்த்து அதிகாரிகள் தனியாக எழுதும் நிழல் பதிவேடு இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வேட்பாளருக்கு நோட்டீஸ். மன்ற உறுப்பினரின் வாடகைக் கடையிலிருந்து நாற்காலி இலவசமாக வந்தாலும், மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிட்ட விலைப்பட்டியலின்படிதான் கணக்கு ஏறும். டீக்கும் பிரியாணிக்கும் அதே கதைதான். "நாங்க காசு கொடுக்கவே இல்லையே" என்ற பதில் எடுபடாது.

இன்னும் சீட்டே அறிவிக்காத நிலையில் 'வருங்கால எம்.எல்.ஏ.' என்று பேனர் வைப்பவர்கள் அதிகம். மனு தாக்கலுக்கு முன்பு செய்து முடித்த செலவு வேட்பாளர் கணக்கில் வராது என்பது சரி. ஆனால் அன்று அடித்து மிச்சம் வைத்த கொடியையும் தொப்பியையும் மனுவுக்குப் பிறகு எடுத்தால் கணக்கில் வரும். மனு தாக்கல் நாளன்று நடக்கும் ஊர்வலமும் வரும். இந்த ஊர்வலத்தில்தான் பல மன்றங்கள் வேன் பிடித்துப் போய் மாட்டுகின்றன. வாகனத்துக்குத் தேர்தல் அலுவலரின் அனுமதிச் சீட்டு வாங்கி, அசலை முன்கண்ணாடியில் ஒட்டுங்கள்.

அப்புறம் அச்சகம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 127ஏ-இன்படி நோட்டீசிலும் போஸ்டரிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தன் உறுதிமொழியில் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இரண்டு பேரின் சான்றொப்பத்தோடு, இரண்டு படிகள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "அதெல்லாம் யாரு பாக்கா?" என்று சொல்லும் அச்சகத்திலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பணம் கொண்டு போவதில் ஒரு பொறி இருக்கிறது. போஸ்டரோ தேர்தல் சாமானோ இருக்கும் வண்டியில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறிமுதல்தான். ஆரல்வாய்மொழியிலோ களியக்காவிளையிலோ தேர்தல் சோதனையில் வண்டியை நிறுத்திப் பணத்தை எடுத்தால், அந்த இடத்திலேயே ரசீது கேளுங்கள். எங்கே முறையிட வேண்டும் என்பது அந்த ரசீதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். வழக்கு பதிவாகாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. "அடுத்த வாரம் வாங்க" என்றால், இந்த விதியைக் குறிப்பிட்டு மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

வசூலிலும் கவனம் வேண்டும். கோயில் ஊர்வரியையோ தேவாலயச் சபை நிதியையோ தேர்தலுக்குத் தொடவே கூடாது. மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. வேட்பாளருக்கு நன்கொடை 10,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அவருடைய தேர்தல் வங்கிக் கணக்கில் போடுங்கள். மன்றத்துக்குக் கொடுத்த காசுக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், கிடைக்காது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரர் அனுப்பும் பணம் வேண்டவே வேண்டாம்.

முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் கணக்கை ஒப்படைத்துவிடுவார். அதற்குப் பிறகு உங்கள் பில்லை அங்கே யாரும் வாங்க மாட்டார்கள். பந்தல்காரரும் மைக் செட்காரரும் உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். ஆகவே ஒவ்வொரு பில்லையும் அன்றன்றே வேட்பாளரின் தேர்தல் முகவரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி, அனுமதிக் கடிதத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.