மெயில் போகாதபோது யாரையும் அழைக்கும் முன்

வடசென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை வட்டாரத்தில் வீட்டின் முன்னறையையே அலுவலகமாக வைத்திருப்பவர்கள் ஏராளம். துறைமுகத்தை நம்பியிருக்கும் கிளியரிங் ஏஜென்ட்கள், ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்து தருபவர்கள், மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் கொடுப்பவர்கள் என்று கணினி பழுது பார்க்கும் நான் அதிகம் போவது இவர்களுடைய வீடுகளுக்குத்தான். பிரிண்டர் நின்றால் நாளைக்கு வாருங்கள் என்பார்கள். மெயில் நின்றால் இப்போதே வர வேண்டும். ஆவணம் போய்ச் சேராமல் கன்டெய்னர் துறைமுகத்தில் கிடந்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அவர்களுடைய அவசரத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் போய்ச் சேருவதற்குள் அவர்கள் செய்து வைத்திருக்கும் காரியங்கள் பல நேரம் மூலக் கோளாறைவிடப் பெரிய வேலை வைத்துவிடும். பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள், கைபேசியிலும் மெயில் நின்றிருக்கும். அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளில் இருந்த கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்திருப்பார்கள். பழைய மெயில்கள் எந்தக் கோப்பில் கிடக்கின்றன என்று நான் தேட வேண்டியிருக்கும்.

"மெயில் வருகிறது சார், போகத்தான் மாட்டேன் என்கிறது. அப்படியென்றால் இன்டர்நெட் நன்றாகத்தானே இருக்கிறது?" என்பது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. வருவதற்கும் போவதற்கும் வழி வேறு. வருகிற மெயிலை ஐமேப் அல்லது பாப் என்ற முறையில் கணினி எடுத்துக்கொள்கிறது. போகிற மெயிலை எஸ்எம்டிபி என்ற வேறொரு முறையில், பெரும்பாலும் மெயில் நிறுவனத்தின் வேறொரு சர்வர் கணினியிடம் ஒப்படைக்கிறது. எஸ்எம்டிபியின் முதல் வரையறை 1981இல் வந்தது. அனுப்புகிறவர் யார் என்று அன்று அது கேட்கவே இல்லை. குப்பை மெயில் பெருகிய பிறகு பூட்டுகள் ஒவ்வொன்றாக மாட்டப்பட்டன. மெயில் அனுப்புவதில் இன்று நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தப் பூட்டுகளில் ஏதோ ஒன்று திறக்க மறுப்பதுதான்.

எந்தப் பூட்டு என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. அவுட்லுக்கையோ தண்டர்பேர்டையோ மூடிவிட்டு, குரோமில் அதே மெயில் கணக்கைத் திறந்து ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். போய்விட்டால் கணக்கில் குறை இல்லை. அடுத்து, வீட்டு பிராட்பேண்டைத் துண்டித்துக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து, பழையபடி அவுட்லுக்கிலிருந்து அனுப்புங்கள். அதில் போனால் சிக்கல் பிராட்பேண்ட் இணைப்பில். எவரோ எப்போதோ 25 என்ற போர்ட் எண்ணை, அதாவது மெயில் வெளியேறும் வாசலின் எண்ணை, போட்டுக் கணக்கை அமைத்திருப்பார். இணைப்பு நிறுவனத்தை மாற்றியதும் அனுப்புவது நின்றிருக்கும். வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் குப்பை மெயில் அனுப்புவதைத் தடுக்கப் பல நிறுவனங்கள் 25ஐ மூடி வைத்திருக்கின்றன. உங்கள் மெயில் நிறுவனம் சொல்வதற்கேற்ப 587 அல்லது 465 என்று மாற்றினால் தீர்ந்தது. ஹாட்ஸ்பாட்டிலும் போகவில்லை என்றால் அவுட்லுக்கில் கணக்கை அமைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். ஆன்டிவைரஸ் மெயிலை நடுவில் நிறுத்திச் சோதிக்கிறதா என்றும் பாருங்கள்.

அனுப்பிய மெயில் திரும்பி வந்தால், ஆங்கிலத்தில் நீளமாக இருக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். மூன்று இலக்க எண் ஒன்று அதற்குள் இருக்கும். காரணம் அதை ஒட்டியே எழுதியிருக்கும். எண் 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, சர்வர் தானாகவே மறுபடி முயலும், காத்திருக்கலாம். 5இல் தொடங்கினால் அதே மெயிலைப் பத்து முறை அனுப்பினாலும் போகாது. 550, அதன் பக்கத்தில் 5.1.1 என்று இருந்தால் அப்படியொரு முகவரியே இல்லை என்று பொருள். பெரும்பாலும் எழுத்துப் பிழைதான். ஒருமுறை தவறாக அடித்த முகவரியை அவுட்லுக் நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதையே நீட்டும். அந்த வரியின் ஓரத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி அதை நீக்க வேண்டும்.

552 என்றால் மெயிலோடு இணைத்த கோப்பு பெரிதாக இருக்கிறது, அல்லது பெறுகிறவருடைய பெட்டி நிரம்பிவிட்டது. இங்கே பலர் ஏமாறும் ஒரு கணக்கு உண்டு. மெயிலில் கோப்பு அப்படியே போவதில்லை. எழுத்துகளாக மாற்றப்பட்டுப் போகிறது. அப்போது அதன் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 15 எம்பி கோப்பு வழியில் 20 எம்பி ஆகிவிடும். பில் ஆஃப் லேடிங், பேக்கிங் லிஸ்ட் போன்ற சரக்கு ஆவணங்களை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் செய்கிறவர்களுக்கு இது தினசரித் தலைவலி. 200 டிபிஐ, கறுப்பு வெள்ளை போதும். எழுத்து தெளிவாகத்தான் இருக்கும். அப்படியொரு பெரிய கோப்பு அவுட்பாக்ஸில் சிக்கிக்கொண்டால், அவுட்லுக்கில் 'வொர்க் ஆஃப்லைன்' பொத்தானை அழுத்திவிட்டு அந்த மெயிலை டிராஃப்ட்ஸுக்கு இழுத்துவிடலாம். பிறகு மறக்காமல் பொத்தானை மறுபடி அழுத்துங்கள். அதை மறந்துவிட்டு, ஒரு மெயிலும் போகவில்லை என்று என்னை வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் பணம் வாங்கச் சங்கடமாகத்தான் இருக்கும். வாங்கிக்கொள்கிறேன்.

மிக அதிகம் பேரைக் குழப்புவது 535. பயனர் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை என்று அது சொல்லும். "பாஸ்வேர்ட் சரியாகத்தான் போடுகிறேன், குரோமில் திறக்கிறதே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை. 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், வெறும் பாஸ்வேர்டை மட்டும் காட்டி உள்ளே வரும் பழைய மென்பொருள்களை கூகுள் ஏற்பதில்லை. மைக்ரோசாஃப்டும் தன் தனிநபர் மெயில் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 அன்று இதே கதவை மூடியது. புதிய அவுட்லுக், தண்டர்பேர்டு பதிப்புகளில் கணக்கைச் சேர்க்கும்போது கூகுளின் உள்நுழைவுப் பக்கமே திறக்கும். அதில் அனுமதி கொடுத்தால் போதும். பழைய அவுட்லுக்கிலிருந்தும், டேலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்து நேரடியாகவும் இன்வாய்ஸ் அனுப்புகிறவர்களுக்கு, ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்பும் ஜெராக்ஸ் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி: கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 'ஆப் பாஸ்வேர்ட்' என்ற 16 எழுத்துச் சொல்லை உருவாக்கி, அதை அந்த மென்பொருளில் போட வேண்டும். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் இந்த ஆப் பாஸ்வேர்டும் செல்லாமல் போய்விடும். பதற்றத்தில் பாஸ்வேர்டை மாற்றாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எண் எதுவும் காட்டாமல் காலை வாருகிற ஒன்றும் உண்டு. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் கூகுள் 15 ஜிபி இடம் தருகிறது. கைபேசியில் எடுத்த கல்யாண வீடியோக்கள் தானாகவே மேலேறி அந்த இடத்தை நிரப்பிவிட்டால் அலுவலக மெயில் போகவும் செய்யாது, வரவும் செய்யாது. அலுவலகத்துக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பவர்கள் குறைவு.

கணினியின் தேதி தவறாக இருந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பு மறுக்கப்படும். மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வரும்போது தேதி பல வருடம் பின்னால் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இங்கே பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது இந்தப் புகார்தான் வரிசையாக வந்தது. பேட்டரியின் விலை அற்பம்.

இனி, நான் உண்மையில் அஞ்சுகிற விஷயம். மெயில் போகவில்லை என்றதும் கூகுளில் 'கஸ்டமர் கேர்' எண்ணைத் தேடுகிறார்கள். மேலே தெரிகிற எண் நிறுவனத்துடையது என்ற உறுதி எதுவும் இல்லை. மோசடிக்காரர்கள் விளம்பரமாகவே போட்டுவிடுகிறார்கள். எடுப்பவர் மிக மரியாதையாகப் பேசுவார், உங்கள் திரையைத் தொலைவிலிருந்தே பார்க்க உதவும் எனிடெஸ்க் போன்ற மென்பொருளை நிறுவச் சொல்வார், பத்து ரூபாய் கட்டணம் கட்டச் சொல்வார். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வங்கிக் கணக்கைத் திறப்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ஒரு மாத வரவை இப்படி இழந்தார். அவருடைய அவுட்பாக்ஸில் இருந்த கோளாறு, முகவரியில் விட்டுப்போன ஒரு புள்ளி. "உங்கள் மெயில்கள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன, விடுவிக்க இங்கே அழுத்தவும்" என்று வரும் மெயிலும் இதே ரகம். எந்தச் சர்வரும் பாஸ்வேர்டைக் கேட்டு மெயில் அனுப்பாது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

நீங்கள் அனுப்பாத மெயில்கள் திரும்பி வர ஆரம்பித்தால் கவனம். உங்கள் முகவரியை யாராவது வெறுமனே போலியாகப் போட்டிருக்கலாம், அல்லது கணக்கே கைமாறியிருக்கலாம். இந்த ஒரு நேரத்தில் மட்டும் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். வேறொரு கணினியிலிருந்து மாற்றுவது நல்லது. அதோடு நின்றுவிடாமல் மெயில் அமைப்புகளில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். உள்ளே வந்தவர் உங்கள் மெயில்களின் நகல் தனக்கு வரும்படி விதி எழுதி வைத்திருப்பார். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அங்கேயே இருக்கும். பில் அனுப்பும் தொழில் என்றால் வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று உங்கள் பெயரில் மெயில் வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால் பணம் அனுப்பாமல் நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த மெயிலை அழிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். புகார் கொடுக்கும்போது அது தேவைப்படும்.